ஒரே நெட்வொர்க், இரண்டு சிமுலேட்டர், இரண்டு விடை: வித்தியாசம் எங்கே பிறக்கிறது?

2002-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். வயர்லெஸ் கருவிகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ஒன்று செய்தி அனுப்புகிறது. அதைக் கேட்ட ஒவ்வொரு கருவியும் தன் பங்குக்கு ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். ஃப்ளடிங் எனப்படும் இந்த முறையைவிட எளிய அல்காரிதம் நெட்வொர்க் உலகில் இல்லை என்றே சொல்லலாம். அதை ஓப்நெட், என்எஸ்-2, க்ளோமோசிம் என்ற மூன்று சிமுலேட்டர்களில் முடிந்தவரை ஒரே அமைப்போடு ஓட்டினார்கள். மூன்றும் மூன்று விதமாக விடை தந்தன. எண்கள் மாறியிருந்தால்கூடப் பரவாயில்லை. சில இடங்களில் வரைபடத்தின் போக்கே ஒன்றோடொன்று சேரவில்லை.

இன்றைக்கும் ஆய்வு மாணவர்களும் பொறியாளர்களும் இதே குழப்பத்தில்தான் சிக்குகிறார்கள். ஒரு கட்டுரை 'அ' என்ற ரூட்டிங் முறை (செய்தி எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்யும் முறை) சிறந்தது என்கிறது, இன்னொன்று 'ஆ' என்கிறது. இருவரும் கணக்கில் பொய் சொல்லவில்லை. இருவருமே அதே பெயர் கொண்ட ப்ரோட்டோகாலைத்தான் (கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையைத்தான்) ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஏன் இப்படி?

## முதலில் சில சொற்கள்

நெட்வொர்க் சிமுலேட்டர் என்பது கணினிக்குள்ளேயே கருவிகள், கேபிள்கள், ரேடியோ அலைகள், பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் கணக்காக மாற்றி ஓட்டும் மென்பொருள். இதில் ஓடும் கடிகாரம் நம் சுவர்க் கடிகாரம் இல்லை. "3.2 வினாடியில் பாக்கெட் கிளம்பும்", "3.2004 வினாடியில் போய்ச் சேரும்" என்று நிகழ்வுகள் நேர வரிசையில் பட்டியலில் நிற்கும். சிமுலேட்டர் முதல் நிகழ்வை எடுத்துச் செயல்படுத்திவிட்டு, கடிகாரத்தை நேராக அடுத்த நிகழ்வுக்குத் தாவவிடும். நடுவில் இருக்கும் நேரத்துக்குச் செலவே கிடையாது.

எமுலேட்டர் வேறு வகை. மினிநெட் போன்றவை உண்மையான லினக்ஸ் கெர்னலையே பயன்படுத்தி, உண்மையான நேரத்தில், உண்மையான பாக்கெட்டுகளை ஓட்டுகின்றன. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் வருவோம்.

அளக்கப்படுபவை பெரும்பாலும் மூன்று. வினாடிக்கு எவ்வளவு தகவல் போய்ச் சேர்ந்தது என்பது த்ரூபுட். போய்ச் சேர எடுத்த நேரம் தாமதம். அனுப்பியதில் எத்தனை பங்கு சேர்ந்தது என்பது பாக்கெட் சேர்ப்பு விகிதம்.

ஒரு சிமுலேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் நான்கு பொருட்கள் சேர்ந்தே வருகின்றன:

1. இயந்திரம்: நிகழ்வுப் பட்டியலை நகர்த்தும் பகுதி.
2. மாதிரிகள்: டிசிபி (தகவல் தவறாமல் போய்ச் சேர்வதை உறுதி செய்யும் விதிமுறை), வைஃபை, ரேடியோ அலை, ரூட்டிங் ஆகியவற்றை யாரோ ஒருவர் நிரலாக எழுதியது.
3. டிஃபால்ட் மதிப்புகள்: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் தானாக நிரம்பும் எண்கள்.
4. அளக்கும் கருவி: முடிவில் எண்ணைக் கூட்டிக் கழித்துத் தருவது.

பலர் முதலாவதைச் சந்தேகிக்கிறார்கள். என்எஸ்-2-க்குப் பின் வந்த என்எஸ்-3 நேரத்தை நானோவினாடி முழு எண்ணாகவும், ஓம்னெட்++ என்ற வேறொரு சிமுலேட்டர் டிஃபால்ட்டாகப் பிக்கோவினாடி அளவிலும், என்எஸ்-2 தசம எண்ணாகவும் வைத்துக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அதனால் த்ரூபுட் இரண்டு மடங்கு மாறிவிடாது. பெரிய வித்தியாசங்கள் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கின்றன. அதிலும் மூன்றாவதுதான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் அது யாருடைய ஸ்கிரிப்டிலும் கண்ணில் படாது.

## 100 மெகாபிட் லிங்க்கில் 1.6 மெகாபிட்

ஒரு உதாரணத்தைக் கையால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு கணினிகள், நடுவில் வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள லிங்க், போய்த் திரும்ப 100 மில்லிவினாடி. இழப்பே இல்லை. டிசிபியில் ஒரு பெரிய ஃபைல் போகிறது.

டிசிபி, 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை வராமல் எவ்வளவு தகவலை வெளியே விடலாம் என்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது, அதுதான் விண்டோ. ஒரு சுற்றுக்கு ஒரு விண்டோ அளவு போகும். ஆக, த்ரூபுட்டின் உச்சம் விண்டோவைச் சுற்று நேரத்தால் வகுத்தால் கிடைப்பது.

என்எஸ்-2-இல் டிசிபியின் விண்டோ வரம்பு டிஃபால்ட்டாக 20 பாக்கெட். பாக்கெட் அளவு 1000 பைட். 20 × 1000 × 8 = 1,60,000 பிட். அதை 0.1 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 1.6 மெகாபிட்.

என்எஸ்-3-இல் கணக்கே வேறு. அனுப்பும் பஃபரும் பெறும் பஃபரும் டிஃபால்ட்டாக 1,31,072 பைட். 8-ஆல் பெருக்கி 0.1-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.5 மெகாபிட்.

அதே லிங்க், அதே தாமதம், இரண்டிலும் "டிசிபி". ஒன்று 1.6 என்கிறது, மற்றது 10.5 என்கிறது. லிங்க்கின் வேகம் 100. இரண்டு விடையுமே டிசிபியின் நெரிசல் கட்டுப்பாட்டைப் (லிங்க் நிரம்பும்போது வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டைப்) பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லிங்க்கை நிரப்ப 12.5 லட்சம் பைட் வெளியே இருக்க வேண்டும். இரண்டு மென்பொருளும் அதற்கு வெகு முன்பே கதவைச் சாத்திவிட்டன.

இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. இந்த அமைப்பில் ரீனோ, க்யூபிக் என்ற இரண்டு நெரிசல் கட்டுப்பாட்டு அல்காரிதங்களை ஒப்பிட்டால் என்ன ஆகும்? இரண்டுமே விண்டோ வரம்பில் முட்டிக்கொண்டு ஒரே எண்ணைத் தரும். "இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடிவுரை எழுதிவிடலாம். உண்மையில் அங்கே அல்காரிதத்துக்கு வேலையே வரவில்லை.

டிசிபியில் இப்படி இன்னும் சில உண்டு. என்எஸ்-3-இல் ஒரு செக்மென்ட்டின் (டிசிபி ஒருமுறை அனுப்பும் துண்டின்) டிஃபால்ட் அளவு 536 பைட். ஈதர்நெட்டில் வழக்கமாகப் போவது 1460. என்எஸ்-2-இன் சாதாரணப் பெறுநர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒப்புகை அனுப்பும், என்எஸ்-3 இரண்டுக்கு ஒன்று அனுப்பும். தொடக்கத்தில் விண்டோ வளரும் வேகம் இதனாலேயே மாறும். லிங்க்கில் ஏறக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை நீளமும் அப்படித்தான். என்எஸ்-2-இல் 50 பாக்கெட், என்எஸ்-3-இன் சாதாரண வரிசையில் 100. 1 மெகாபிட் லிங்க்கில் 1000 பைட் பாக்கெட்டுகளால் 50 இடங்கள் நிரம்பினால் 400 மில்லிவினாடி காத்திருப்பு, 100 இடங்கள் என்றால் 800. அதற்கு மேல் என்எஸ்-3-இல் ஐபி முகவரி ஒதுக்கும்போதே போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அடுக்கில் இன்னொரு வரிசை தானாகவே வந்து உட்காரும். தாமத வரைபடம் ஏன் பொருந்தவில்லை என்று தேடுபவர்கள் பலர் இந்த இரண்டாவது வரிசையைக் கவனிப்பதே இல்லை.

## 250 மீட்டர் எங்கிருந்து வந்தது?

வயர்லெஸ்ஸுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். பழைய மொபைல் அட்ஹாக் நெட்வொர்க் (நிலையான கோபுரம் இல்லாமல் கருவிகளே செய்தியைக் கைமாற்றும் நெட்வொர்க்) கட்டுரைகளைப் புரட்டினால் "ஒலிபரப்பு எல்லை 250 மீட்டர்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். அது இயற்கையின் விதி கிடையாது. என்எஸ்-2-இன் டிஃபால்ட் மதிப்புகள் ஒன்றாகச் சேர்ந்து தரும் எண்.

அந்த மதிப்புகள் இவை: 914 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை (பழைய வேவ்லான் அட்டையை ஒட்டியது), ஏறத்தாழ 0.28 வாட் திறன், 1.5 மீட்டர் உயர ஆன்டெனா, தரையில் பட்டுத் திரும்பும் அலையையும் சேர்த்துப் பார்க்கும் "டூ-ரே கிரவுண்ட்" மாதிரி. இந்த மாதிரியில் தூரம் சற்று அதிகமானதும் சிக்னல் திறன் தூரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். பாக்கெட்டைப் படிக்கத் தேவையான குறைந்தபட்சத் திறன் 3.652 × 10⁻¹⁰ வாட் என்று வைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் சரியாக 250 மீட்டரில் அந்த எண் வரும்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். திறன், அலைவரிசை, வரம்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அலை பரவும் மாதிரியை மட்டும் வெட்டவெளி மாதிரியாக, அதாவது திறன் தூரத்தின் இரண்டாம் மடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதாக மாற்றினால், எல்லை ஏறத்தாழ 725 மீட்டர் ஆகிறது. 1000 மீட்டர் சதுரத்தில் 50 கருவிகளை வைத்திருந்தால், முதல் கணக்கில் செய்தி பல கைமாறித்தான் போகும். இரண்டாவதில் பெரும்பாலானவை நேரடியாகவே பேசிக்கொள்ளும். பிறகு ரூட்டிங் முறைகளை ஒப்பிடுவதில் அர்த்தம் என்ன இருக்கிறது?

என்எஸ்-3-இல் வைஃபை சேனலை டிஃபால்ட்டாக அமைத்தால் வருவது வேறு மாதிரி: தூரத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்பக் குறையும், ஒரு மீட்டரில் 46.68 டெசிபல் இழப்பு என்பது அடிப்படை. அந்த 46.68-உம் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிய எண். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுபவர்கள் அதை மாற்றினார்களா என்பது கட்டுரையில் எழுதினால்தான் தெரியும். ஓம்னெட்++-இன் ஐநெட் தொகுப்பில் "யூனிட் டிஸ்க்" என்ற மாதிரியும் உண்டு, விரிவான ரேடியோ மாதிரிகளும் உண்டு. முன்னதில் எல்லைக்குள் இருந்தால் கேட்கும், வெளியே போனால் கேட்காது, அவ்வளவுதான். ஆகவே "ஓம்னெட்++-இல் செய்தோம்" என்ற வரி மட்டும் இருந்தால் அது ஏறத்தாழ ஒன்றும் சொல்லாததற்குச் சமம். ஒரே சிமுலேட்டருக்குள் இருக்கும் தேர்வுகளின் இடைவெளி, இரண்டு சிமுலேட்டர்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிதாக இருக்க முடியும்.

மோதலை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியது. என்எஸ்-2-இன் பழைய வைஃபை மாதிரி, குறுக்கே வரும் சிக்னல்களை ஒவ்வொன்றாக எடுத்து, நம் சிக்னல் அதைவிட 10 மடங்கு, அதாவது 10 டெசிபல், வலுவா என்று பார்க்கும். இரண்டு குறுக்கீடுகள் வருகின்றன, இரண்டும் தலா 11 டெசிபல் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் நம் பாக்கெட் தப்பிக்கும். இரண்டையும் கூட்டினால் வித்தியாசம் 8 டெசிபல்தான். 10 டெசிபல் தேவை என்ற விதிப்படி பாக்கெட் விழ வேண்டும். என்எஸ்-3 குறுக்கீடுகளைக் கூட்டி, அதிலிருந்து பிழை நேரும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அப்புறம்தான் பாக்கெட் பிழைத்ததா என்று முடிவு செய்கிறது. கருவிகள் நெருக்கமாக, போக்குவரத்து அதிகமாக இருக்கும்போது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வரும். போக்குவரத்து குறைவாக இருக்கும் சோதனையில் இரண்டும் ஒரே விடை தந்து நம்மை நிம்மதியாக வைத்திருக்கும்.

2004-இல் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் வயர்லெஸ் சிமுலேஷன்களில் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் ஆறு அனுமானங்களைப் பட்டியலிட்டு, உண்மையான கருவிகளோடு ஒப்பிட்டார்கள். உலகம் தட்டையானது, ரேடியோ எல்லை வட்டமானது, எல்லாக் கருவிக்கும் ஒரே எல்லை, நான் உன்னைக் கேட்டால் நீயும் என்னைக் கேட்பாய், கேட்டால் முழுசாகக் கேட்கும், சிக்னல் வலிமை தூரத்தை மட்டும் பொறுத்தது. களத்தில் எதுவும் நிற்கவில்லை. சிமுலேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஆறில் எவற்றை அது கைவிட்டிருக்கிறது, எவற்றை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது என்று கேட்பது நல்ல கேள்வி.

## ஆர்டிஎஸ் யாருக்கு ஆன், யாருக்கு ஆஃப்?

வைஃபையில் தகவல் அனுப்புமுன் "அனுப்பட்டுமா?" என்று கேட்டு "அனுப்பு" என்ற பதிலைப் பெறும் ஏற்பாடு ஒன்று உண்டு, ஆர்டிஎஸ்–சிடிஎஸ். எந்த அளவுக்கு மேற்பட்ட பாக்கெட்டுக்கு இதைச் செய்ய வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். என்எஸ்-2-இல் அந்த வரம்பு டிஃபால்ட்டாக 0, அதாவது ஒரு கருவிக்கென்று போகும் எல்லாப் பாக்கெட்டுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் அனுப்பும். என்எஸ்-3-இல் வரம்பு மிகப் பெரியது. நடைமுறையில் கேட்கவே கேட்காது.

செலவைப் பார்ப்போம். 802.11பி என்ற பழைய வைஃபை வகையில், நீண்ட முன்தலைப்போடு (ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் முன்னால் வரும் 192 மைக்ரோவினாடித் தொடக்கம்), 1 மெகாபிட் வேகத்தில்:

1. ஆர்டிஎஸ் 20 பைட்: 160 + 192 = 352 மைக்ரோவினாடி.
2. சிடிஎஸ் 14 பைட்: 112 + 192 = 304 மைக்ரோவினாடி.
3. நடுவில் இரண்டு சிறு இடைவெளிகள்: 20 மைக்ரோவினாடி.

மொத்தம் 676 மைக்ரோவினாடி. 11 மெகாபிட்டில் 1000 பைட் தகவலைத் தலைப்புகளோடு அனுப்ப ஆகும் நேரம் ஒரு மில்லிவினாடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது சரக்கை அனுப்பும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அனுமதி கேட்பதிலேயே போகிறது. த்ரூபுட் வேறுபாடு இங்கே தற்செயலாக வருவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆர்டிஎஸ் கண்டுபிடிக்கப்பட்டதே ஒருவரை ஒருவர் கேட்க முடியாத இரண்டு அனுப்புநர்கள், நடுவில் இருக்கும் பெறுநரிடம் மோதிக்கொள்வதைத் தடுக்கத்தான். என்எஸ்-2-இன் டிஃபால்ட்டில் பாக்கெட்டைப் படிக்கும் எல்லை 250 மீட்டர், ஆனால் "யாரோ பேசுகிறார்கள்" என்று உணரும் எல்லை 550 மீட்டர். ஒரே பெறுநருக்கு எட்டும் இரண்டு அனுப்புநர்களுக்கு இடையே அதிகபட்சம் 500 மீட்டர்தான் இருக்க முடியும். ஆக அவர்கள் எப்போதும் ஒருவரை ஒருவர் உணர்கிறார்கள்! பாடப்புத்தகம் 'மறைந்த கணுப் பிரச்சினை' என்று சொல்லும் இந்த மோதல் அந்த அமைப்பில் எழவே எழாது. மருந்து மட்டும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தவறாமல் கொடுக்கப்படுகிறது.

## ஒரே ப்ரோட்டோகால், இரண்டு எழுத்து

ஏஓடிவி என்ற ரூட்டிங் முறையின் விதிகள் 2003 ஜூலையில் ஆர்எஃப்சி 3561 என்ற இணைய விதிமுறை ஆவணமாக வெளிவந்தன. அந்த ஆவணம் சில இடங்களில் "இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்" என்று விட்டுவைத்திருக்கிறது. பக்கத்துக் கருவி இருக்கிறதா, போய்விட்டதா என்று அறிவது அதில் ஒன்று. என்எஸ்-2-இல் உள்ள ஏஓடிவி, டிஃபால்ட்டாகக் கீழ் அடுக்கின் தகவலை நம்புகிறது: பாக்கெட் போய்ச் சேரவில்லை என்று வைஃபை அடுக்கு சொன்னால் இணைப்பு அறுந்ததாக எடுத்துக்கொள்ளும். என்எஸ்-3-இல் ஹலோ செய்திகள் டிஃபால்ட்டாக ஆன்; இடைவெளி ஒரு வினாடி.

50 கருவிகள் வினாடிக்கு ஒரு ஹலோ வீதம் 100 வினாடி ஓடினால் 5000 பாக்கெட். தகவல் ஒன்றுமே போகாவிட்டாலும் "ரூட்டிங் சுமை" என்ற கட்டத்தில் இந்த 5000-உம் ஏறிவிடும். ஏஓடிவி சுமை குறைந்தது என்று ஒருவரும், சுமை கூடியது என்று இன்னொருவரும் எழுதினால், இருவரும் அவரவர் திரையில் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பக்கத்துக் கருவியின் வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் ஏஆர்பி-யும் இதில் கைவைக்கும். பக்கத்துக் கருவியின் முகவரி தெரியும் வரை எத்தனை பாக்கெட்டைக் கையில் வைத்திருப்பது? என்எஸ்-2 ஒன்றை மட்டும் வைத்திருக்கும், என்எஸ்-3 மூன்று. பாதை அடிக்கடி மாறும் நெட்வொர்க்கில் இந்த ஒன்று–மூன்று வித்தியாசம் சேர்ப்பு விகிதத்தில் தெரியும்.

கருவிகள் நகரும் விதமும் இப்படித்தான். "ரேண்டம் வேபாயிண்ட்" என்ற புகழ்பெற்ற மாதிரியில், ஒவ்வொரு கருவியும் ஏதோ ஒரு இடத்தையும் ஏதோ ஒரு வேகத்தையும் தேர்ந்து அங்கே போகும். மெதுவான வேகம் வாய்த்த கருவி அந்தப் பயணத்திலேயே நெடுநேரம் மாட்டிக்கொள்ளும். அதனால் வேகத்தை வினாடிக்கு 1 முதல் 19 மீட்டர் வரை சமமாகத் தேர்ந்தால், சராசரி 10 என்று நாம் நினைப்போம். நேரம் போகப் போக அது வினாடிக்கு 6.1 மீட்டரில் போய் நிற்கும். குறைந்தபட்ச வேகம் 0 என்றால் சராசரி தேய்ந்துகொண்டே போகும், நிலைக்கவே நிலைக்காது. 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நிரூபித்துக் காட்டினார்கள். என்எஸ்-3-இல் இதே மாதிரியின் டிஃபால்ட் வேகம் 0.3 முதல் 0.7 மீட்டர், அதாவது ஆற அமர நடப்பவரின் வேகம். வேக வரம்பை எழுதாமல் "ரேண்டம் வேபாயிண்ட் பயன்படுத்தினோம்" என்று எழுதுவது எவ்வளவு குறை என்று இதிலிருந்தே தெரியும்.

## பத்து முறை ஓட்டினேன், பத்தும் ஒரே விடை

சிமுலேஷனில் வரும் "தற்செயல்" எல்லாம் சீட் என்ற தொடக்க எண்ணிலிருந்து கணக்கிட்டு வருவது. என்எஸ்-3-இல் சீட்டும் ஓட்ட எண்ணும் டிஃபால்ட்டாக 1. மாற்றாமல் பத்து முறை ஓட்டினால் கடைசிப் புள்ளி வரை அதே விடைதான். "முடிவுகள் மிகவும் நிலையாக இருந்தன" என்று அதைப் பெருமையாக எழுதுபவர்கள் உண்டு! செய்ய வேண்டியது, சீட்டை அப்படியே விட்டு ஓட்ட எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்றுவது. அப்போதுதான் ஒன்றையொன்று சாராத ஓட்டங்கள் கிடைக்கும்.

தற்செயல் மிகக் குறைவாக இருந்தாலும் ஆபத்துதான். எல்லாக் கருவியும் துல்லியமாக ஒரே தாளத்தில் அனுப்பினால், வரிசை நிரம்பும் ஒவ்வொரு முறையும் ஒரே இணைப்பின் பாக்கெட்டே விழும். லிங்க் தாமதத்தைத் துளி மாற்றினால், பாதிக்கப்படும் இணைப்பு மாறிவிடும். சாலி ஃப்ளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1990-களின் தொடக்கத்திலேயே இதை விளக்கி, கட்ட விளைவுகள் என்று பெயரிட்டார்கள். என்எஸ்-2-இல் இதற்காகவே டிசிபி பாக்கெட் கிளம்பும் நேரத்தில் சிறு தற்செயலைச் சேர்க்கும் ஒரு மதிப்பு உண்டு. டிஃபால்ட்டாக அது 0.

## எண்ணைக் கூட்டியது யார்?

அளக்கும் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. என்எஸ்-3-இன் ஃப்ளோமானிட்டர் ஐபி அடுக்கில் நின்று எண்ணுகிறது. தலைப்புகளும் கணக்கில் சேரும். 64 பைட் தகவல் யூடிபி (ஒப்புகை கேட்காமல் அனுப்பும் எளிய விதிமுறை), ஐபி ஆகியவற்றின் தலைப்புகளோடு 92 பைட். இன்னொருவர் ஆப் அடுக்கில் 64-ஐ மட்டும் எண்ணினால், ஒரே ஓட்டத்தில் 44 சதவீத வித்தியாசம் உட்கார்ந்திருக்கும். 1400 பைட் பாக்கெட்டில் அதே வித்தியாசம் 2 சதவீதம். சராசரி தாமதமும் அப்படியே: அது வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான். பாக்கெட்டுகளை அதிகம் தொலைக்கும் ப்ரோட்டோகால் தாமதத்தில் அழகாகத் தெரியும், ஏனென்றால் சிரமப்பட்ட பாக்கெட்டுகள் கணக்கிலேயே இல்லை.

## ஓட்டும் வேகம் வேறு, ஆனால் விடையைத் தொடும்

"எந்தச் சிமுலேட்டர் பெர்ஃபாமன்ஸ் நல்லது?" என்ற கேள்விக்கு இன்னொரு பொருளும் உண்டு: எது சீக்கிரம் ஓடி முடிக்கிறது, எது குறைந்த நினைவகத்தில் ஓடுகிறது. 2009-இல் வெளிவந்த ஒரு ஒப்பீட்டில் என்எஸ்-2, என்எஸ்-3, ஓம்னெட்++, சிம்பை, ஜிஸ்ட் ஐந்தையும் ஒரே எளிய நெட்வொர்க்கில் ஓட்டினார்கள். ஒட்டுமொத்தமாக என்எஸ்-3 முன்னணியில் வந்தது, ஜிஸ்ட் வேகமாக ஓடினாலும் நினைவகத்தை அதிகம் விழுங்கியது, சிம்பை பின்தங்கியது. அவர்கள் வேண்டுமென்றே மாதிரியை மிக எளிதாக வைத்துக்கொண்டதைக் கவனிக்க வேண்டும். இயந்திரத்தின் வேகத்தை மட்டும் அளக்க, மாதிரிகளின் வேறுபாட்டை முதலில் அகற்ற வேண்டியிருந்தது.

வேகம் விடையை மாற்றுவது மறைமுகமாகத்தான். ஓட்டம் மெதுவாக இருந்தால் ஆய்வாளர் 30 ஓட்டங்களுக்குப் பதில் 5 ஓட்டுவார், 500 கருவிகளுக்குப் பதில் 50 வைப்பார், நெட்வொர்க் நிலைக்கு வரும் முன்பே ஓட்டத்தை முடித்துவிடுவார். வரைபடத்தில் அது சிமுலேட்டரின் வேகமாகத் தெரியாது, ப்ரோட்டோகாலின் குணமாகத் தெரியும்.

எமுலேட்டர்களில் இந்தத் தொடர்பு நேரடியானது. சிமுலேட்டரில் கணினி திணறினால் விடை தாமதமாக வரும், ஆனால் அதே விடைதான் வரும். மினிநெட்டில் கணினி திணறினால் விடையே மாறும். ஒரு மடிக்கணினிக்குள் பத்து இணைப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கிகாபிட் என்று அமைத்தால், வரும் த்ரூபுட் நெட்வொர்க்கின் எண்ணா, பிராசஸரின் எண்ணா என்று பிரித்தறிய முடியாது. மறுபுறம், அங்கே ஓடுவது உண்மையான லினக்ஸ் டிசிபி. அதனால் டிசிபியின் நுணுக்கங்களைச் சோதிக்க, லிங்க் வேகங்களைக் கணினியின் சக்திக்குள் அடக்கி வைத்துக்கொண்டால், பல சிமுலேட்டர்களைவிட அதையே நம்பலாம் என்பேன். சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் இந்தப் பட்டியலிலேயே சேராது; அது ரவுட்டரை அமைக்கக் கற்றுக்கொள்ளும் கருவி. அதில் த்ரூபுட் அளந்து வரைபடம் போடுவது வேண்டாத வேலை.

## சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்த்து அல்லாமல், உங்கள் கேள்வி எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கின் மாதிரி எதில் நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வைஃபை, எல்டிஇ என்றால் என்எஸ்-3-இல் விரிவான மாதிரிகள் உண்டு. வாகனங்களுக்கு இடையிலான தொடர்பு என்றால், ஓம்னெட்++-ஐ சுமோ என்ற சாலைப் போக்குவரத்துச் சிமுலேட்டரோடு இணைக்கும் வெய்ன்ஸ் உண்டு. சிறு சென்சார் கருவிகள் என்றால், அந்தக் கருவியில் ஓடும் அதே நிரலை ஓட்டிப் பார்க்கும் கூஜா. என்எஸ்-2-ஐப் புதிய வேலைக்கு எடுப்பதற்கு இன்று காரணம் எதுவும் இல்லை; பழைய கட்டுரையின் முடிவை மீண்டும் எடுத்துப் பார்க்க மட்டும் அது வேண்டியிருக்கும்.

மற்றவர் எழுதிய முடிவை வாசிக்கும்போது கேட்க வேண்டியவை:

1. சிமுலேட்டரின் பெயரோடு பதிப்பு எண்ணும் இருக்கிறதா? டிஃபால்ட்டுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. என்எஸ்-3-இல் டிசிபியின் டிஃபால்ட் அல்காரிதம் முன்பு நியூரீனோ, பின்னர் க்யூபிக்.
2. அலை பரவும் மாதிரி, விண்டோ அல்லது பஃபர் வரம்பு, வரிசை நீளம், ஆர்டிஎஸ் வரம்பு ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா?
3. எத்தனை ஓட்டங்கள், எந்த நம்பக இடைவெளி (விடை எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்ற கணக்கு)?
4. த்ரூபுட் எந்த அடுக்கில் அளக்கப்பட்டது?

இவை மிகக் குறைந்தபட்சக் கேள்விகள். ஆனாலும் மொபைல் அட்ஹாக் நெட்வொர்க்குகளுக்கான மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த கட்டுரைகளை 2005-இல் ஆராய்ந்தபோது, சிமுலேஷன் பயன்படுத்தியவற்றில் ஏறத்தாழ 30 சதவீதம் சிமுலேட்டரின் பெயரையே சொல்லவில்லை. வேறொருவர் அப்படியே மீண்டும் செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. அது அந்தத் துறையின் முதல்தர மாநாடுகளில் ஒன்று.

"எண்கள் மாறினாலும் எது சிறந்தது என்ற வரிசை மாறாது, அதனால் கவலை இல்லை" என்று ஒரு சமாதானம் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. போக்குவரத்து மிதமாக இருக்கும்போது வரிசை பெரும்பாலும் நிலைக்கும். நெருக்கடி வரும்போது நிலைமை வேறு. குறுக்கீட்டைக் கூட்டாத மாதிரியில், அதிகம் ஒலிபரப்பும் ப்ரோட்டோகாலுக்குத் தண்டனை குறைவாகத்தான் விழும். கூட்டும் மாதிரியில் அதே ப்ரோட்டோகால் தன் சத்தத்தாலேயே விழும். விண்டோ வரம்பு உதாரணத்தில் வரிசையே அழிந்துபோனதையும் மேலே பார்த்தோம்.

சொந்தமாக ஒப்பிட்டுப் பார்க்க நினைப்பவர்கள், முழு அமைப்பையும் ஒரேயடியாக இரண்டாவது சிமுலேட்டருக்கு மாற்றாமல் இப்படிப் போவது நல்லது:

1. ஒரு அனுப்புநர், ஒரு பெறுநர், யூடிபி, ஒரே ஒரு பாக்கெட். தாமதத்தைக் கையால் கணக்கிட்டு, இரண்டு சிமுலேட்டரும் அதே மைக்ரோவினாடியைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கேயே பிசகினால், தலைப்பு அளவோ முன்தலைப்போ வேறாக இருக்கிறது.
2. அதே இருவர், வயர்லெஸ். தூரத்தை மீட்டர் மீட்டராகக் கூட்டி, எங்கே தொடர்பு அறுகிறது என்று குறிக்க வேண்டும். எல்லை ஒத்துப்போகும் வரை திறனையும் வரம்பையும் சரிசெய்ய வேண்டும்.
3. மூன்றாவதாக ஒரு அனுப்புநரைச் சேர்த்து மோதலைப் பார்க்க வேண்டும்.
4. அதன் பிறகுதான் ரூட்டிங், நகர்வு, டிசிபி.

அப்படியும் பொருந்தாவிட்டால், சராசரிகளை வைத்துக்கொண்டு யோசிப்பதில் பயனில்லை. இரண்டின் ட்ரேஸ் ஃபைல்களையும் (ஒவ்வொரு பாக்கெட் நிகழ்வையும் பதிந்த பட்டியல்களையும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதன்முதலில் எந்தப் பாக்கெட்டில் கதை பிரிகிறது என்று தேட வேண்டும். ஒரு பக்கம் ஏஆர்பி கேள்வி போயிருக்கும், மறுபக்கம் போயிருக்காது. அல்லது ஒன்று பாக்கெட்டை ஏழு முறை மீண்டும் அனுப்பிப் பார்த்திருக்கும், மற்றது நான்கோடு விட்டிருக்கும். மாதிரியின் மூலநிரல் திறந்திருந்தால், அந்த ஒரு வரியிலிருந்து காரணம் வரை போய்விடலாம். மூடிய வணிகச் சிமுலேட்டராக இருந்தால், ஆவணத்தில் எழுதியிருப்பதோடு நிற்க வேண்டியதுதான்.